அங்கன்வாடியில் ‘அ’ எங்கே என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி: “இரண்டு வருடம் அங்கன்வாடிக்குப் போன பிள்ளைக்கு ‘அ’ எழுதத் தெரியவில்லை. சோறு போட்டுத் தூங்க வைக்க ஒரு மையம் எதற்கு?” கட்டுரையாளர் மையத்துக்குள் போனாரா, வாசலோடு திரும்பினாரா தெரியவில்லை. காலை பத்தரை மணிக்குப் போகவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். மூன்று வயதில் அவற்றில் இரண்டோ மூன்றோதான் எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும். மற்றவை வெறும் குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை முஷ்டியாகப் பிடித்துத் தோளிலிருந்து இழுக்கும், தாள் கிழியும். அந்தப் பிடியே பழகிவிட்டால், இரண்டாம் வகுப்பில் நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்னும். அப்போது சோம்பேறி என்று பெயர் வைப்போம்.

அதனால்தான் மையத்தில் முதலில் களிமண் பிசைவது, டம்ளருக்கு டம்ளர் தண்ணீர் ஊற்றுவது, பழைய தாள் கிழிப்பது (தங்கள் இதழும் அதற்கு உதவுகிறது), கொடியில் துணி கிளிப் மாட்டுவது. கிளிப்பை அழுத்தும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகின்றன. மணி கோக்கக் கொடுத்தால் மணி பெரிதாக இருக்க வேண்டும். புளியங்கொட்டை அளவில் இருந்தால் மூக்குக்குள் போய்விடும். நூல் முனையை மெழுகில் தோய்த்து விறைப்பாக்க வேண்டும். இல்லையென்றால் முனை பிரியும், பிள்ளை எரிச்சலில் எழுந்து போய்விடும்.

பிறகுதான் கோடு. மணலில் விரலால் படுக்கைக் கோடு, நிற்கும் கோடு, சாய்கோடு, கடைசியில் வளைவு. ‘ட’வும் ‘ப’வும் இதிலேயே வந்துவிடும். ‘அ’வுக்கோ சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்கோடு எல்லாம் ஒன்றாக வேண்டும். நெடுங்கணக்கில் முதலில் நிற்பதால் கைக்கும் அதுவே முதல் எழுத்தாகிவிடுமா?

எண்ணும் அப்படித்தான். இருபது வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளை முன்னால் ஐந்து சோழி வையுங்கள், ஏழு என்னும். விரல் ஒரு சோழியில் நிற்கும்போதே வாய் இரண்டு எண் சொல்லிவிடும். ஒரு சோழியை நகர்த்தினால் ஒரு எண் என்று படிய வாரக்கணக்கில் ஆகும். பார்க்க வருபவர் கண்ணுக்கு அது சும்மா விளையாட்டு. தூக்கத்தையும் விட்டுவைக்கவில்லை கட்டுரையாளர். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும், மதியத் தூக்கமும் அதில் சேர்த்தி.

தங்கள் இதழுக்கு மையங்களின் நினைவு வருவதே முட்டை அழுகினால்தான். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடிக் களைத்தவர்கள் உண்டு. வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு 2025 ஜூலை முதல், வாங்குபவர் மத்திய அரசின் ‘போஷன் டிராக்கர்’ என்னும் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் முகம் காட்ட வேண்டும். அதற்குப் பதிவு செய்ய ஓடிபி வேண்டும். ஆதாரோடு இணைத்த போன் திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பா கையில் இருக்கும். அவர் எடுத்துச் சொல்வதற்குள் கதை நேரம் போய்விடும். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் பல ஊர்களில் பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையும் இதே டீச்சர் தலையில். உதவியாளர் பணியிடம் காலி என்றால் அடுப்பும் அவர்தான். ஒரே அறை, ஒரு பக்கம் குக்கர், மறுபக்கம் இரண்டிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகள். மேற்பார்வைக்குப் போன ஊர்களில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிந்துதான் அந்த வரியை அச்சேற்றினீர்கள் என்பதுதான் வருத்தம்.

மறுப்பு வெளியிடச் சொல்லவில்லை. சிறுவர் பக்கத்தில் ‘3 வயது முதல்’ என்று போட்டு வாராவாரம் புள்ளி வைத்த ‘அ, ஆ’ அச்சிடுகிறீர்களே, அதை நிறுத்திவிட்டு ஒரு முழுப்பக்கப் படம் போடுங்கள்: சந்தை, பேருந்து நிலையம், குளக்கரை, எதுவானாலும் சரி. எழுத்து ஒன்றும் வேண்டாம். பின்பக்கம் நகைக்கடை விளம்பரம் வராமல் பார்த்துக்கொண்டால், டீச்சர்கள் வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்,
மயிலாடுதுறை.