லாக் புக்கை முதலில் பார்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ மின் நிறுவனத்தின் இயக்குநர் ஆன செய்தியை அம்மா பாதிச் சிரிப்பும் பாதி அழுகையுமாகச் சொன்னாள். அன்றிரவு போனில், "லாபம் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கொள்கையோடும் இருக்க முடியுமாப்பா?" என்று கேட்டாய். நான் ஏதோ மழுப்பினேன். மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தே ஆயுளைக் கழித்தவனுக்கு உடனே பதில் வராது, யோசித்து எழுதுகிறேன்.

டென்னிஸ் பாக்கி என்றொரு அமெரிக்கர். ரோஜர் சான்ட் என்பவரோடு சேர்ந்து 1981-இல் ஏஇஎஸ் என்ற மின் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கியவர். நேர்மை, நியாயம், மகிழ்ச்சி, சமூகப் பொறுப்பு என்ற நான்கையும் நிறுவனத்தின் விழுமியங்களாக வைத்தார்கள். மகிழ்ச்சி அந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று நீ சிரிப்பாய். வேலை செய்பவனே முடிவெடுத்தால்தான் வேலை இனிக்கும் என்பது அவர் கட்சி. 1991-இல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றபோது, விழுமியங்களுக்கும் லாபத்துக்கும் மோதல் வந்தால் விழுமியங்களின் பக்கமே நிற்க முயல்வோம் என்று விற்பனை ஆவணத்தில் எழுதினார்கள். எந்த இடத்தில் தெரியுமா? முதலீட்டாளர் கவனிக்க வேண்டிய அபாயங்களின் வரிசையில்! அந்த வரியைப் படித்த நாளிலிருந்து அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு பிரியம்.

மறு வருடமே சோதனை வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் அவர்களுடைய ஷேடி பாயின்ட் நிலக்கரி மின் நிலையத்தில், வெளியேற்றும் நீரின் சோதனை அளவுகளை ஊழியர்கள் சிலர் மாற்றி எழுதியது தெரியவந்தது. அபராதம் கட்டினார்கள், பங்கு விலையும் சரிந்தது. இத்தனை கொள்கை பேசிய வீட்டிலேயே இப்படியா என்று பலர் கேட்டிருப்பார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நான் நிலையப் பொறுப்பேற்ற புதிது. ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மணிக்கு மணி அளவுகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கைப் புரட்டினேன். நிலக்கரிச் சாம்பலைத் தேக்கும் குட்டையிலிருந்து வெளியேறும் நீரின் சோதனை அளவு, இரவு இரண்டு மணிக்கு வரம்பைத் தாண்டியிருந்தது. எழுதியவர் ஓர் இளம் ஆபரேட்டர். பக்கத்திலேயே, "வால்வு சரியாக மூடவில்லை" என்று குறிப்பும் போட்டிருந்தார். அன்று காலை ஆய்வுக்கு ஆள் வருவதாக இருந்தது. அந்தப் பதற்றத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் அவரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். வால்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு என் காலத்தில் அந்த அளவு ஒரு நாளும் வரம்பைத் தாண்டவில்லை. எனக்கோ பெருமை. இரண்டு வருடம் கழித்துத்தான் ஒரு நாள் கவனித்தேன்: இரவு பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என எல்லா மணிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஏறக்குறைய ஒரே எண். குட்டைக்குப் போகாமலேயே விடியற்காலையில் ஒரே மூச்சில் எழுதியது. கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. பொய் எழுத நான் யாருக்கும் உத்தரவிடவில்லைதான். ஆனால் உண்மை எழுதினால் என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் காட்டியவன் நான்.

ஷேடி பாயின்ட்டிலும் பயம்தான் பேனாவைப் பிடித்திருக்கும் என்பது என் ஊகம். பாக்கி 1994 முதல் 2002 வரை தலைமை நிர்வாகியாக இருந்தார். மின் நிறுவனப் பங்குகள் விழுந்த அந்த நெருக்கடிக் காலத்தில் பதவி விலகினார். அவர் விரிவாக்கிய வேகம் சரியா என்று இன்றும் வாதாடலாம். நானும் வாதாடுவேன். ஆனால் கடைசி ஊழியன் கையில் முடிவைக் கொடுக்கத் துணிந்தாரே, அந்தத் துணிவு எனக்கு வரவில்லை.

உன் அறைச் சுவரில் விழுமியங்களைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்வார்கள். மாட்டிக்கொள். அடுத்த வாரமே சொல்லாமல் ஒரு நிலையத்துக்குப் போ. இரவு ஷிப்ட் லாக் புக்கைக் கேட்டு வாங்கு. எண்கள் அழகாக, அடித்தல் திருத்தமில்லாமல் இருந்தால் சந்தேகப்படு. எங்காவது ஒரு மோசமான எண் இருந்தால், அதை எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வால்வைப் பற்றிக் கேள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா