செகாவ் கார்க்கிக்குச் சொன்னது

அன்புள்ள கயலுக்கு,

தோழி தன் கதைகளின் கையெழுத்துப் படியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். "நல்லா இருக்கு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே. ரஷ்ய எழுத்தாளர் செகாவ், தன்னைவிட இளைய எழுத்தாளரான கார்க்கிக்கு எழுதிய கடிதங்களை முதலில் படி. 1898 டிசம்பரில் யால்டாவிலிருந்து எழுதியது முக்கியமானது. அப்போது செகாவுக்கு 38 வயது, கார்க்கிக்கு 30.

கார்க்கியின் கதைகளில் தனக்குப் பிடித்தவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார் செகாவ். 'ஸ்தெப்பியில்' கதையைத் தான் எழுதவில்லையே என்று பொறாமைகூட வந்ததாம். பிறகுதான் குறை: எழுத்தில் அடக்கம் போதவில்லை. அதோடு விட்டிருந்தால் கார்க்கிக்கு என்ன பயன்? எங்கே என்று காட்டுகிறார்: உரையாடலை நடுவில் வெட்டும் இயற்கை வர்ணனைகளில், பெண்களையும் காதலையும் எழுதும் இடங்களில். 'கிசுகிசுப்பு', 'வெல்வெட்' மாதிரிச் சொற்கள் அடிக்கடி வந்து அலுப்பூட்டுகின்றன என்று சொல் அளவுக்கு இறங்கிவிடுகிறார்.

1899 செப்டம்பரில் இன்னொரு யோசனை: புரூஃப் பார்க்கும்போது பெயரடை, வினையடைகளை முடிந்தவரை அடித்துவிடுங்கள். 'ஒருவன் புல்லில் உட்கார்ந்தான்' என்றால் உடனே புரிகிறது. ஒடுங்கிய மார்பு, செந்தாடி, மிதிபட்ட பச்சைப் புல், சத்தமில்லாமல், மிரண்டு பார்த்தபடி என்று நீட்டினால் மனசில் சட்டென்று உட்காராது. கதை ஒரு நொடியில் பதிய வேண்டும் என்கிறார்.

இதை வைத்துக்கொண்டு தோழியின் அடைமொழிகளையெல்லாம் வெட்டப் புறப்பட்டுவிடாதே. திறமையின் குறையைப் பேசுவது தோட்டத்துப் பெரிய மரத்தின் குறையைப் பேசுவது போல, அது பெரும்பாலும் பார்ப்பவரின் ருசியைப் பொறுத்தது என்று அந்த டிசம்பர் கடிதத்திலேயே செகாவ் சொல்லிவிடுகிறார்.

டால்ஸ்டாய் சறுக்கியது இங்கேதான். ஷேக்ஸ்பியரைத் தாக்கி 1906இல் வெளியான கட்டுரையில் அவருடைய 'லியர் அரசன்' நாடகத்தின் கதையைக் காட்சி காட்சியாகச் சுருக்கிச் சொல்லிக் கேலி செய்கிறார். அதற்கு முந்திய, ஆசிரியர் பெயர் தெரியாத பழைய லியர் நாடகமே மேல் என்றும் தீர்ப்பளிக்கிறார். அப்படிச் சுருக்கினால் எந்த நாடகம்தான் தப்பும்? அந்தச் சுருக்கமே நேர்மையானதல்ல என்று 1947இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் பதில் எழுதினார். எல்லாவற்றையும் துறந்துவிட்டு அவதிப்படும் கிழவனின் கதை டால்ஸ்டாயின் சொந்த வாழ்க்கைக்கு மிக அருகில் இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம் என்பது அவர் ஊகம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ஆகவே கதைச்சுருக்கம் எழுதாதே. பக்கமும் வரியும் குறித்து, அந்த வாக்கியத்தையே எடுத்து எழுது. இரண்டாவது கதையில் மழை வர்ணனை நீளம் என்றாயே, அது உரையாடலை வெட்டுகிறதா, இல்லை, உனக்கு மழை வர்ணனையே பிடிக்காதா? அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு எழுது.

அன்புடன்,
அப்பா