உறைக்குள் போன வாக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடக் குறைந்திருக்கிறது. காலையில் பால் வாங்க அவரே நடந்து போய் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ பேசி முடித்த பிறகு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. குருகிராமில் வீடு பார்க்கப் போன இடத்தில், முன்பணம் வரைக்கும் பேசி முடித்துவிட்டு, வீட்டுக்காரர் முதலில் நீ என்ன சாப்பிடுவாய் என்றும் அடுத்து நீ என்ன சாதி என்றும் கேட்டதைச் சொன்னாய். கடவுச்சீட்டுக்காக விசாரிக்க வந்தவர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கொடுக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாய். 2024-இல் மக்களவைக்கு வென்ற 543 பேரில் 251 பேர் தங்கள் மீது குற்ற வழக்கு இருப்பதாகத் தாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். கடைசியில், "இந்த நாடே இப்படித்தான் அம்மா, திருந்தாது, இனி ஓட்டுப் போட ஊருக்கு வரமாட்டேன், கனடாவுக்கு மனுப் போடப் போகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு அப்போதே பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும் என்பது உனக்குத் தெரியும்.

கனடாவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். பரதராமி தாண்டினால் ஆந்திரம் என்கிற ஊரில் வளர்ந்தவள் நீ. நம் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள், பின்தெருவில் உருது பேசுகிறார்கள். பலமநேருக்கும் சித்தூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போகிறவர்களைக் குடியாத்தத்தில் யாரும் குறையாகப் பார்த்ததில்லை. உன் படிப்புக்கும் உழைப்புக்கும் எங்கே மதிப்பு இருக்கிறதோ அங்கே போ. நீ சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான், 'இந்த நாடே இப்படித்தான்' என்பதைப் பற்றித்தான், இந்தக் கடிதம்.

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் ஓர் ஆசிரியர் அறையில் கேட்டேன். 1986-இல், வேலையில் சேர்ந்த முதல் பள்ளியில், காலையில் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் பெருக்குவது காலனிப் பிள்ளைகள் மட்டும்தான். யாரும் அவர்கள் பெயரைச் சொல்லி அழைப்பதுகூட இல்லை. மணி அடிப்பதற்கு முன்பே தாங்களாக வந்து துடைப்பத்தை எடுத்துக்கொள்வார்கள். தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நான், மூத்த ஆசிரியர் ஒருவரிடம் தயங்கித் தயங்கி இது பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இந்த ஊர் இப்படித்தான் டீச்சர், நீங்கள் புதுசு" என்றார். நானும் ஓர் ஆண்டு முழுக்க வாயைத் திறக்கவில்லை. அந்த ஓர் ஆண்டை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அடுத்த ஜூனில் என் வகுப்புக்கு மட்டும் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பெருக்கும் முறை எழுதி, கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டினேன். இரண்டு தகப்பன்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். ஆனால் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. ஓர் ஆண்டு என் வாயைக் கட்டிப்போட்டது சட்டமோ மேலதிகாரியோ அல்ல, அந்த ஒரு சொல்தான். அதுவும் அந்த வழக்கத்தால் எந்த நட்டமும் இல்லாத ஒருவர் சொன்ன சொல். அதனால் அதே சொல், குருகிராமில் கதவு மூடப்பட்ட உன் வாயிலிருந்து வந்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

உன்னிடம் அந்த வீட்டுக்காரர் கேட்டது அநியாயம். அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. நீ கோபப்படாவிட்டால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இப்போது அந்த 251. அந்த எண்ணிக்கை உனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துப் பார். வேட்பாளர் மீது என்ன வழக்கு இருக்கிறது, எவ்வளவு சொத்து இருக்கிறது, என்ன படித்திருக்கிறார் என்று வாக்காளருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் முன்பு இந்த நாட்டில் கிடையாது. அகமதாபாத்தில் உள்ள மேலாண்மைக் கழகத்துப் பேராசிரியர்கள் சிலர் 1999-இல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2002 மே மாதத்தில் அவர்கள் பக்கம் தீர்ந்தது. உடனே கட்சிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்தத் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யச் சட்டத்தையே திருத்தின. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் செல்லாது என்றது. அதன் பிறகுதான் வேட்புமனுவோடு உறுதிமொழிப் பத்திரம் வைக்கும் வழக்கம் நிலைத்தது. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன வழக்கிலும் இதே சங்கம் மனுதாரர். நாடு திருந்தாது என்பதற்கு நீ காட்டிய சான்றே, அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாத சிலர் வழக்காடி வாங்கித் தந்தது. நீ கணக்குத் தெரிந்தவள், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

வாக்கைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவள் நான். அதில் பல முறை தலைமை அலுவலராக. முதல் நாள் மாலையே இயந்திரத்தோடு போய் இறங்கி, பள்ளி பெஞ்சில் படுத்து, விடியற்காலை எழுந்து, முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப் பதிவு நடத்தி, அதை அழித்துக் காட்டி, முத்திரை வைத்து ஏழு மணிக்குக் கதவைத் திறப்போம். உன் சிறு வயதில் அந்த இரவுகளில் நீ ஆயாவிடம்தான் படுத்திருப்பாய். 1954 இடைத்தேர்தலில், முதலமைச்சராக இருந்த காமராஜர் நம் குடியாத்தத்தில் நின்றபோது ஊரே திருவிழா போல் இருந்தது என்று ஆயா உனக்குக் கதை சொல்வாரே, நினைவிருக்கிறதா?

2009 மக்களவைத் தேர்தலில் நடந்த ஒன்றை உனக்கு நான் சொன்னதில்லை. மாலை நான்கு மணி இருக்கும். வரிசை ஓய்ந்திருந்தது. பீடி சுற்றும் பெண் ஒருத்தி, முப்பது வயதுக்குள் இருக்கும், அன்றைய கட்டுகளைக் கொடுத்துவிட்டு நேராக வந்தாள். முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஓட்டு காலையிலேயே விழுந்துவிட்டது" என்றார். அவள் பதறவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினாள். விரல்நுனிகளில் புகையிலைக் கறை பழுப்பாக ஏறியிருந்தது; மை இல்லை. முகவர்களில் ஒருவர், "நடந்தது நடந்துவிட்டது, இதெல்லாம் எல்லா இடத்திலும் இப்படித்தான், நீ போம்மா" என்றார். மற்றக் கட்சிகளின் முகவர்களும் தலையை ஆட்டினார்கள். காலையிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் சண்டை போட்டவர்கள் அந்த ஒரு நொடியில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அவள் என்னைப் பார்த்து, "டீச்சர், என் ஓட்டு என்னிடம்தானே இருக்கிறது, அது எப்படி விழும்?" என்று கேட்டாள். தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி (49P) என்று ஒன்று உண்டு. ஒருவர் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால், உண்மையான வாக்காளர் தாம்தான் என்று தலைமை அலுவலருக்கு மனநிறைவு ஏற்படும்படி பதில் சொன்னால், அவருக்குத் தாள் வாக்குச்சீட்டு தர வேண்டும். நாங்கள் 'டெண்டர் ஓட்டு' என்போம். நான் அவளிடம் அப்பா பெயர், வீட்டு எண், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டேன், ஒன்றிலும் தடுமாறவில்லை. உறை பிரித்துச் சீட்டை எடுத்தேன், படிவத்தில் கையெழுத்து வாங்கினேன், அம்புக்குறி முத்திரையைக் கையில் கொடுத்தேன். அப்போது அவள் கேட்டாள்: "இதை எண்ணுவார்களா டீச்சர்?" பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது தனி உறையில் போகும், நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும் என்றேன். சற்று நேரம் நின்றாள். பிறகு தட்டிக்குப் பின்னால் போய் முத்திரை குத்தி, சீட்டை நான்காக மடித்துக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, "என் கணக்கு இதில் இருக்கட்டும்" என்று சொல்லிப் போனாள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2008-இல், ராஜஸ்தானில் நாத்துவாராத் தொகுதியின் முடிவு ஒரே ஒரு வாக்கில் அமைந்தது. அந்த வழக்கில் இப்படிப்பட்ட டெண்டர் வாக்குகள் உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டன. அவளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எண்ணப்படாது என்று தெரிந்தும் போட்டாளே, அதைத்தான் நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தன் பெயரில் நடந்த திருட்டு ஏட்டில் ஏறாமல் அங்கிருந்து நகர மாட்டேன் என்று நின்றாள். அன்றைக்கு அந்த அறையில் என்னையும் சேர்த்துப் படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தோம்.

நம் பகுதியின் மானத்தை நான் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. 2019-இல் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலையே, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 16-ஆம் தேதி ரத்து செய்தார்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் மறுபடி நடந்தது. நாடு முழுக்க நம் ஊர்ப் பெயர் அப்படி அடிபட்டதில் எனக்கு உண்டான அவமானம் இன்னும் ஆறவில்லை. ஊராட்சியோ இன்னும் மோசம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து ஆண்டுகள் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட யாரிடம் போவதென்று தெரியவில்லை. மக்களவைத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனால் தொலைக்காட்சி முழுவதும் அதே பேச்சாக இருந்திருக்கும். கிராமத்து மக்களின் ஐந்து ஆண்டுகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன்னைப் போன்ற படித்த பிள்ளைகள் தில்லியைப் பற்றிப் பேசும் அளவில் பத்தில் ஒரு பங்கு இதைப் பேசியிருந்தால் என்ன என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பாலாற்றையும் நீ சொன்னாய். ஆம்பூர்ப் பக்கம் ரயிலில் வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றாய். உண்மை. தோல் பதனிடும் கழிவு நிலத்தில் இறங்கி, கிணறுகள் உப்பும் நிறமுமாக மாறி, தென்னை காய்ந்துபோனதை நான் கண்ணால் பார்த்தவள். அதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற பெயரில் நம் பகுதிக்காரர்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் அழுத்தமாக எழுதினார்கள். இன்றைக்கு எந்த மாநிலத்தில் எந்த ஆற்றுக்காக வழக்குப் போட்டாலும் நம் வேலூரின் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். ஆனால் பாலாறு தெளியவில்லை. 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. வென்றோம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அந்த மன்றத்தார் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் இன்று கேட்பதற்கு ஒரு தீர்ப்பும் இருந்திருக்காது. அதை மட்டும் சொல்கிறேன்.

உன்னிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஊருக்கு வந்து வாக்களிக்க விடுப்பு கிடைக்காதென்றால், படிவம் 8 கொடுத்து வாக்கைக் குருகிராமுக்கு மாற்றிக்கொள். கனடா போகும் நாள் வரையிலாவது உன் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் உயிரோடு இருக்கட்டும். அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றி, தேதி போட்டு, நேரம் போட்டு, ஒரு பக்கத்துக்குப் புகார் எழுது. உனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அரை மணி நேர வேலை. பதில் வராமல் போகலாம். ஆனால் 'நாடு' என்று சொல்லும்போது உன் கோபத்துக்கு முகவரி இல்லை. 'இந்த நாள், இந்த அலுவலகம், இந்தத் தொகை' என்று எழுதும்போது, யாரோ ஒருவர் மேசையில் அந்தக் காகிதம் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

நானும் சும்மா இல்லை. நம் தெருக் கால்வாய் பாதியில் நிற்பது உனக்குத் தெரியும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, செய்த வேலையின் அளவைப் பதியும் எம்-புக் ஏட்டின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முப்பது நாளில் பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகு வந்தது. அதில் கால்வாயின் நீளம் 120 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. நானும் அப்பாவும் அளந்ததில் 74 மீட்டர்தான் வந்தது. அப்பாவால் குனிந்து நாடாவைப் பிடிக்க முடியவில்லை, நடுவில் இரண்டு முறை விட்டுவிட்டார். அதனால் இந்த அளவை வைத்துக்கொண்டு கிராம சபையில் எழுந்து பேச எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த கூட்டம் காந்தி ஜெயந்தி அன்று. அதற்கு முந்தின சனிக்கிழமை நீ வர முடியுமானால் காட்பாடிக்கு ஆட்டோ அனுப்புகிறேன். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அன்புடன்,
அம்மா