கம்பி போடும் முன் படம். எடுத்த படம் பெற்றோர் கையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லுக்குக் கம்பி போட எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றதும் எங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "வளர்ற பொம்பளப் பிள்ளைக்கு அந்தக் கதிரெல்லாம் எதுக்கு? பல்லுதான் கண்ணுக்குத் தெரியுதே!" வேரும், முளைக்காமல் எலும்புக்குள் நிற்கும் பல்லும் கண்ணுக்கு எங்கே தெரிகிறது?

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு 13 வயதாகியும் மேல் கோரைப்பல் ஒரு பக்கம் இறங்கவில்லை. பால் பல்லே நின்றது. முதலில் காட்டிய இடத்தில் படம் எடுக்காமலே கம்பி மாட்டிவிட்டார்கள். பிறகு வேறொரு மருத்துவர் ஓ.பி.ஜி., அதாவது எல்லாப் பல்லும் இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே, எடுக்கச் சொன்னார். திரையில் பார்த்தால், அந்தக் கோரைப்பல் எலும்புக்குள் சாய்ந்து படுத்துக் கிடக்கிறது. நுனி பக்கத்துப் பல்லின் வேரில் இடிக்கிறது. 11, 12 வயதில் இறங்க வேண்டிய பல் அது. அப்படியே விட்டால் பக்கத்துப் பல்லின் வேர் கரைந்துபோகலாம் என்று மருத்துவர் விளக்கியபோது என் மகள் அழுதுவிட்டாள்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஓ.பி.ஜி.யில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 20 மைக்ரோசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், காற்று, உணவு, விண்வெளி என்று இயற்கையாகவே நமக்குக் கிடைப்பது உலக சராசரியில் ஆண்டுக்கு 2,400. ஆக, மூன்று நாள் கணக்குத்தான். தாடையின் அமைப்பைப் பார்க்கப் பக்கவாட்டில் எடுக்கும் செபலோகிராம் அதையும்விடக் குறைவு. சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாணப் படம் மட்டும் பல மடங்கு அதிகம். புதைந்த பல்லுக்கு அது தேவைப்படலாம். எல்லாப் பிள்ளைக்கும் வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை. எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள்.

எனக்கு உண்மையான மனக்குறை, எடுத்த படத்தையே திரும்பத் திரும்ப எடுப்பதில்தான். மகன் சென்னையில், மகள் மதுரையில் என்று பிரிந்திருக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். லீவுக்கு வந்த இடத்தில் ஒருவர், திரும்பிய ஊரில் ஒருவர் என்று பார்க்கிறார்கள். பேத்தியின் படத்தை ஸ்கேன் சென்டரில் செல்போனில் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதை வைத்து அளவெடுக்க முடியாது என்று மதுரையில் மறுபடி எடுத்தார்கள். போதாக்குறைக்கு அங்கே தோட்டைக் கழற்றச் சொல்ல மறந்துவிட்டார்கள். அதன் நிழல் மறுபக்கத் தாடைமேல் மங்கலாக விழுந்ததால் இன்னொரு தடவை. குறைந்த கதிர்வீச்சுதான் என்பதற்காக வீணாக எடுக்கலாமா?

நம் பகுதிப் பல் மருத்துவர்களும் ஸ்கேன் சென்டர்களும் தேதி போட்ட அசல் டிஜிட்டல் பதிவைக் கேட்காமலே பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். பெற்றோரும் அதை வாங்காமல் இடத்தை விட்டு நகரக் கூடாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தேவகோட்டை.