பாலத்துக்கு எதற்குக் கூரை? பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். அக்டோபரில் நீங்களும் பெரியம்மாவும் பாஸ்டனுக்கு வருவது உறுதியானதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நயாகராவும் நியூயார்க்கும் பார்த்தாகிவிட்டது, இந்த முறை கிராமப் பக்கம் காரில் போகலாம் என்று நீங்களே சொன்னீர்கள். அதற்காக நான் அனுப்பிய மரப்பாலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "பாலத்துக்கு எதற்கடா கூரை, மழைக்கு ஒதுங்கவா?" என்று கேட்டிருந்தீர்கள். நெடுஞ்சாலைத் துறையில் வாழ்நாளெல்லாம் பாலங்களோடு கழித்தவர் கேட்கும் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதுவது மரியாதையாக இருக்காது என்பதால் இந்த நீண்ட கடிதம். இதே கேள்வியோடு வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷர் மாநிலங்கள் பக்கம் வரும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

கூரை பாலத்தில் போகிறவர்களுக்காகப் போட்டதல்ல, பாலத்துக்காகவே போட்டது. பாரத்தைச் சுமப்பவை இருபுறமும் நிற்கும் மர டிரஸ்கள், அதாவது மரத்துண்டுகளைப் பிணைத்துச் செய்த சட்டகங்கள். தரைப்பலகை தேய்ந்தால் பெயர்த்துவிட்டு வேறு பலகை அடித்துக்கொள்ளலாம். ஆனால் டிரஸ்ஸின் மூட்டுகளில் மழைநீர் இறங்கித் தங்கிவிட்டால் மரம் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். மூடாத மரப்பாலம் பத்து, பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தாலே பெரிது. அதே பாலத்துக்குப் பக்கப்பலகை அடித்து மேலே கூரையும் போட்டால் நூறாண்டைத் தாண்டி நிற்கிறது. பிலடெல்பியாவில் 1805இல் டிமோதி பாமர் என்ற தச்சர் ஸ்கூல்கில் ஆற்றின்மேல் கட்டிய பாலத்துக்குக் கூரை போடச் சொன்னவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. அமெரிக்காவின் முதல் கூரைப் பாலம் அதுதான் என்று கருதுகிறார்கள். விலை குறைந்த பலகையை வெயிலுக்கும் மழைக்கும் கொடுத்து, விலை உயர்ந்த உத்தரங்களைக் காப்பாற்றும் கணக்கு இது. மதிப்பீட்டுத் தாளில் இதைவிடச் சிக்கனமான ஒரு வரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பனிக்காகத்தான் கூரை என்று இங்கேயே பலர் நம்புகிறார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. குளிர்காலத்தில் அந்தக் காலத்து மக்கள் சக்கர வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பனிச்சறுக்கு வண்டியில்தான் போனார்கள். கூரைக்குக் கீழே தரை வெறும் பலகையாகக் கிடந்தால் அந்த வண்டி நகராது. எனவே வெளியிலிருந்து பனியை அள்ளிக்கொண்டு வந்து பாலத்துக்குள் பரப்புவதற்கென்றே ஊர்ப் பணத்தில் கூலி கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள்.

வெர்மான்டில் மட்டும் இப்படிப்பட்ட பாலங்கள் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. ஒரே நாளில் எத்தனை பார்த்தோம் என்று எண்ணிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. வாசலில் நின்று ஒரு படம், அடுத்த பாலம், மறுபடி ஒரு படம். அது வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே சிவப்புச் சாயம் பூசிய வைக்கோல் கொட்டகை மாதிரித்தான் இருக்கும். இந்தப் பாலங்களில் பார்க்க வேண்டியது உள்பக்கம். மூன்றே மூன்று பாலங்களை நிதானமாகப் பார்ப்பதற்குத்தான் நான் திட்டம் போட்டிருக்கிறேன்.

முதலாவது, கனெக்டிகட் ஆற்றின் குறுக்கே நியூ ஹாம்ப்ஷரின் கார்னிஷ் என்ற ஊரையும் வெர்மான்டின் வின்சர் என்ற ஊரையும் இணைக்கும் பாலம். ஜேம்ஸ் டாஸ்கரும் பேலா பிளெட்சரும் 1866இல் 9,000 டாலர் செலவில் கட்டியது. நீளம் 449 அடி. இரண்டே கண், ஒவ்வொன்றும் 200 அடிக்கு மேல், ஆற்று நடுவில் ஒரே ஒரு தூண். மரத்தால் இவ்வளவு நீளக் கண் வைக்கத் துணிந்ததை நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும். அதே இடத்தில் அதற்கு முன் 1796, 1824, 1849 ஆகிய ஆண்டுகளில் கட்டிய மூன்று பாலங்களையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. டாஸ்கர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்வார்கள். பக்கத்துப் புல்வெளியில் மரங்களை அறுத்துச் செதுக்கிப் பொருத்திப் பார்த்து, பிறகுதான் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஒஹையோவில் 2008இல் 613 அடியில் ஒரு புதிய பாலம் திறக்கும்வரை அமெரிக்காவின் மிக நீளமான மரக் கூரைப் பாலம் இதுதான். 1943வரை இங்கே சுங்கம் வசூலித்தார்கள். வாசலின் மேலே, "குதிரையை நடத்திச் செல்லவும், மீறினால் இரண்டு டாலர் அபராதம்" என்ற அறிவிப்பு இன்றும் இருக்கிறது. குதிரைகள் ஒரே தாளத்தில் ஓடினால் பாலம் அதிரும் என்ற கவலைதான் காரணம். அதிர்வு பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. இரு மாநிலங்களுக்கும் எல்லை ஆற்றின் நடுவில் இல்லை. வெர்மான்ட் பக்கக் கரையில் நீர் வற்றி நிற்கும் கோடுதான் எல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1933இல் தீர்ப்பளித்தது. ஆகவே கிட்டத்தட்ட முழுப் பாலமும் நியூ ஹாம்ப்ஷருக்குச் சொந்தம், பராமரிப்புச் செலவும் அவர்கள் தலையில். நம் ஊரில் ஆற்றுப் பிரச்சினை என்றால் தண்ணீருக்காக. இங்கே வெறும் கோட்டுக்காகவே நீதிமன்றம் போயிருக்கிறார்கள்.

வின்சரில் இறங்கியதும் உங்களுக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே 1846இல் கட்டிய ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இப்போது இயந்திரக் கருவிகளின் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு துப்பாக்கியின் பாகத்தை எடுத்து இன்னொன்றில் அப்படியே மாட்டலாம் என்னும் அளவுக்குத் துல்லியமாகக் கடைந்த இடம் அது. பெரியம்மாவுக்கு அலுப்புத் தட்டினால் ஆற்றங்கரை இருக்கிறது.

இரண்டாவது, டாஃப்ட்ஸ்வில் பாலம். 1836இல் கட்டியது, 189 அடி, செங்கல் சிவப்பு, ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். 2011 ஆகஸ்ட் 28ஆம் தேதி ஐரீன் புயல் வெர்மான்டின்மேல் கொட்டிய மழையில் இது பலமாக அடிபட்டு, ஈராண்டுப் பழுதுபார்ப்புக்குப் பின் 2013 செப்டம்பரில்தான் திறந்தது. அதே நாளில் பார்ட்டன்ஸ்வில் என்ற ஊரில் 1870ஆம் ஆண்டுப் பாலம் ஒன்று முழுசாகப் பெயர்ந்து ஆற்றில் போனதைக் கரையில் நின்றவர்கள் படம் பிடித்தார்கள். யூடியூபில் கிடைக்கும், பார்த்துவிட்டு வாருங்கள். பக்கப்பலகை அடித்த பாலத்துக்கு வெள்ளத்தில் இருக்கும் பலவீனம் அதில் தெளிவாகத் தெரியும்: நீர்மட்டம் தரைப்பலகைக்கு மேலே ஏறிவிட்டால், பக்கச் சுவர் முழுவதும் ஆற்றை மறித்து நிற்கிறது, மரமும் மட்டையும் வந்து மோத வேறு செய்கின்றன. மழையிலிருந்து காப்பாற்றும் பலகையே வெள்ளத்தில் பகையாகிவிடுகிறது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் கான்கிரீட் பாலத்தை ஏற்காமல், நன்கொடை திரட்டி, பழைய முறையிலேயே மரத்தால் புதிய பாலம் கட்டி 2013இல் திறந்தார்கள். 1927 நவம்பர் வெள்ளத்தில் வெர்மான்ட் இழந்த பாலங்கள் 1,285 என்று கணக்கு. அன்று மரத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் இரும்பும் கான்கிரீட்டும் வந்தன. எண்பது ஆண்டுகளில் மக்கள் மனம் அவ்வளவு மாறியிருக்கிறது.

வழியில் க்வீச்சி என்ற இடத்திலும் கூரை போட்ட பாலம் ஒன்று உண்டு. 1970இல் கட்டியது, அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் மரம் பாரம் சுமக்கவில்லை. கூரை வெறும் ஒப்பனை. அதைத் தாண்டிப் பக்கத்திலிருக்கும் 165 அடி ஆழப் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். அதன்மேல் நிற்கும் இரும்பு வளைவுப் பாலம் 1911இல் ரயிலுக்காகக் கட்டியது, பிறகு சாலையாயிற்று.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: வுட்ஸ்டாக் ஊர் நடுவில் இருக்கும் பாலம். பழையதும் அல்ல. மில்டன் கிராட்டன் என்ற பாலத் தச்சர் 1969இல் கட்டி, மாடுகளைப் பூட்டி ஆற்றின் குறுக்கே இழுத்து நிறுத்தினார். மனிதன் நிலவில் இறங்கிய வருடம் அது! 1974இல் யாரோ தீ வைத்துவிட்டார்கள்; சீர்செய்து மறுபடி நிறுத்தினார்கள். இங்கே நடந்து போக ஒரு ஓரப்பாதை இருப்பதால், வண்டிக்குப் பயப்படாமல் டிரஸ்ஸைத் தொட்டுப் பார்க்கலாம். இதீல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை பெற்ற முறை. பெரிய உத்தரம் எதுவும் கிடையாது. ஒரே அளவில் அறுத்த பலகைகளைச் சாய்வாகக் குறுக்கும் மறுக்குமாக நிறுத்தி, வெட்டிக்கொள்ளும் ஒவ்வோரிடத்திலும் துளையிட்டுக் கட்டைவிரலைவிடப் பருத்த மர ஆணிகளை அடித்து இறுக்கியிருப்பார்கள். ஆணியின் தலை பலகையிலிருந்து சற்றே துருத்திக்கொண்டிருக்கும், விரலால் தடவினால் ரேகை தட்டுப்படும். தேர்ந்த தச்சர்கள் கிடைக்காத ஊரிலும் ஒரு மரம் அறுக்கும் ஆலை இருந்தால் போதும், பாலம் கட்டிவிடலாம் என்பதே இதன் வெற்றி. டவுன் பாலத்தைக் கட்டாமலே, அடிக்கு இவ்வளவு என்று உரிமைத்தொகை வாங்கிச் சம்பாதித்தார். கார்னிஷ் பாலமும் இந்த இனம்தான், ஆனால் டாஸ்கர் பலகைக்குப் பதிலாகச் சதுர மரங்களை எடுத்து, ஒன்றில் ஒன்று பதியுமாறு வெட்டிப் பொருத்தினார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் உங்கள் கண்ணுக்கு உடனே பிடிபடும்.

சாலையோரத்தில் மற்ற வேடிக்கைகள் என்னென்ன என்று பெரியம்மா கேட்டார்கள். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: வெர்மான்டில் விளம்பரப் பலகைகளே கிடையாது. 1968இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். சின்னதாக ஒரே மாதிரியான வழிகாட்டிப் பலகைதான் இருக்கும், கவனிக்காவிட்டால் திருப்பம் தவறிவிடும். வாட்டர்பரியில் பென் அண்டு ஜெரிஸ் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில், விற்பனையை நிறுத்திவிட்ட சுவைகள் சிலவற்றுக்குக் கல்லறைக் கல் நட்டு, கல்லில் ஆளுக்கொரு இரங்கற்பாவும் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் குஷியாக இருக்கும், கூட்டமும் இருக்கும்.

உண்மையான கல்லறை ஒன்றையும் பார்க்கச் சொல்வேன், தயங்க வேண்டாம். பேரி என்ற ஊர் கிரானைட்டுக்குப் பெயர் போனது. அங்கே வேலைக்கு வந்த இத்தாலியக் கல் தச்சர்கள் தங்களுக்கும் தங்கள் சனங்களுக்கும் செதுக்கிக்கொண்டவைதான் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் நிற்கின்றன. பந்தயக் கார், கால்பந்து, சாய்வு நாற்காலி என்று என்னென்னவோ உண்டு. எலியா கார்ட்டி என்ற சிற்பி 1903இல் ஓர் அரசியல் கூட்டத் தகராறில் சுடப்பட்டு இறந்தவர். அவருடைய உறவினர்கள் அவரை ஆளுயரத்தில் உட்கார்ந்த கோலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். சட்டைப் பொத்தானும் துணி மடிப்பும் காலடியில் கிடக்கும் உளியும் சுத்தியும் எல்லாமே கல். அந்தக் கல் தச்சர்களில் பலர் கல்தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே போனவர்கள் என்பதையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

பர்லிங்டன் பக்கம் போனால் நெடுஞ்சாலையோரம் இரண்டு திமிங்கல வால்கள் தரையிலிருந்து எழுந்து நிற்கும், ஜிம் சார்டோனிஸ் 1989இல் கருங்கல்லில் செதுக்கியவை. கடலே இல்லாத மாநிலத்தில் இது என்ன கூத்து என்று தோன்றும். ஆனால் 1849இல் அந்தப் பக்கம் ரயில் பாதைக்கு மண் வெட்டியபோது நிஜமாகவே ஒரு திமிங்கலத்தின் எலும்புகள் கிடைத்தன. பனியுகம் முடிந்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் கடல் புகுந்திருந்தது. திரும்பும் வழியில் புரூக்ஃபீல்டில், ஏரி ஆழமாக இருந்ததால் தூண் வைக்க முடியாமல் 1820 முதல் மிதவைமேலேயே பாலம் போட்டுவருகிறார்கள். இப்போதிருப்பது 2015இல் திறந்தது. அதில் காரை மெதுவாக ஓட்டினால் போதும், தனியாக இறங்க நேரமிருக்காது.

நேரம் மிஞ்சினால், உங்களுக்காக வுல்காட் ஊர் வரை வண்டியை விடத் தயார். அங்கே 1908இல் கட்டிய கூரை போட்ட ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. நீராவி இஞ்சினின் புகை வெளியேற வேண்டுமென்று கூரையின் உச்சியில் நீளவாக்கில் ஒரு புகைக்கூண்டு வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும்போது அறைகள் கிடைப்பது குதிரைக்கொம்பு, விலையும் இரட்டிப்பு. வுட்ஸ்டாக்கில் ஓர் இரவு, பேரி பக்கம் ஓர் இரவு என்று நினைத்திருக்கிறேன். நீங்கள் பயணச்சீட்டுத் தேதியை அனுப்பியதும் பதிவு செய்துவிடுகிறேன். காலையில் நல்ல குளிர் இருக்கும், பெரியம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய அளவு நாடாவையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 200 அடிக் கண்ணை அளந்து பார்க்காமல் நீங்கள் நகர மாட்டீர்கள் என்று அப்பா சொல்கிறார்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்