பூச்சிமருந்தை நிறுத்துவதே முதல் உதவி

ஐயா,

வீட்டுத் தோட்டங்களில் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் குறைந்து வருவது குறித்துத் தங்கள் நாளிதழ் எழுதிய தலையங்கம் காலத்துக்கேற்றது. ஆனால், அது சொல்லும் பறவைகளுக்கான கூட்டுப் பெட்டி, தீவனத் தட்டு ஆகியவற்றைவிட எளிய வழி ஒன்று உண்டு: பூச்சிக்கொல்லியை நிறுத்திவிட்டு, களையைக் கையால் பிடுங்குவது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. ஒருபுறம் தானியம் வைத்து மறுபுறம் மருந்தடித்தால் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? நமக்கும் இதில் நன்மை உண்டு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. குனிந்து நிமிர்ந்து களையெடுப்பதும் மண் கொத்துவதும் அந்தக் கணக்கில் சேரும். நச்சு நெடியைச் சுவாசிக்கவும் வேண்டியதில்லை.

மருந்தடிப்பதை விட்ட பிறகு எங்கள் செடிகளில், சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி மொய்க்கத்தான் செய்தது. சில வாரங்களில் பொறிவண்டுகள் வந்து இலையடியில் மஞ்சள் முட்டைகளை இட்டன. கருத்த உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன் குட்டி முதலைபோல் இருந்த அவற்றின் புழுக்கள், தண்டோடு ஊர்ந்து அசுவினியைத் தின்று தீர்த்தன. இந்தப் புழுவைத்தான் செடியைக் கெடுப்பது என்று எண்ணிப் பலரும் நசுக்கிவிடுகிறார்கள், மனம் வேதனைப்படுகிறது. எனவே, நன்மை செய்யும் பூச்சிகளை முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என எல்லா நிலைகளிலும் வண்ணப் படங்களுடன், வாரம் ஒன்றாகத் தங்கள் நாளிதழ் அறிமுகப்படுத்த வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர்