கடற்கரையில் உங்களைத் தெரியாது என்றவள் எழுதுவது

அன்புள்ள அண்ணா,

உங்கள் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மிச்சப் பேருக்குத் தெரிய வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலையடிக்குப் போனேன். ஆறு வருடத்தில் அந்த இடத்தில் நான் நின்றது நேற்றுத்தான். மான்கள் இரண்டு குப்பைக்குள் வாழைப்பழத் தோல் தேடிக்கொண்டு நின்றன. கஞ்சாச் சட்டத்தை மாற்றக் கேட்டுக் கையெழுத்து வாங்க நீங்கள் மேசை போட்டிருந்த மூலையில் இப்போது ஒருவர் கடலை விற்கிறார். ஒரு சரை வாங்கினேன். சாப்பிட முடியவில்லை.

2019 ஜூலை. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு அவசரகாலச் சட்டம் இன்னும் எடுபடாத நேரம். நாலு பேர் கூடி நின்றாலே பார்ப்பார்கள். அதற்கு முந்திய மாதம்தான் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனையை நிறைவேற்ற ஜனாதிபதி சிறிசேன கையெழுத்திட்டிருந்தார். "எல்லாரும் பயந்து வாய் மூடியிருக்கிற நேரத்தில்தான் பேச வேண்டும்" என்றீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. கையெழுத்துக் கோவையைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். சிறிய அளவு கஞ்சா வைத்திருந்தவனைச் சிறைக்கு அனுப்பாதே, வைத்தியருக்கு அனுமதியோடு செடி வளர்க்க விடு. இரண்டே கோரிக்கைதான். மத்தியானத்துக்குள் 43 கையெழுத்து.

சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். உங்கள் அடையாள அட்டையை வாங்கினார்கள். அப்புறம் ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் இவரோடா?" என்று கேட்டார்.

"இல்லை. எனக்கு இவரைத் தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கிறேன்."

அங்கே பஸ் நிற்காது என்று அவருக்கும் தெரியும். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பிள்ளை யாரென்று எனக்கும் தெரியாது" என்றீர்கள். நிதானமாக, வழி கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி. நான் கோவையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இரவு பத்து மணிக்குத்தான் உங்களை விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்குக் காரணம் இருந்தது அண்ணா. உள்ளகப் பயிற்சி முடித்து நியமனப் பட்டியலுக்குக் காத்திருந்தேன். அப்பா இல்லாத வீடு. அதே கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட ஊரில் அம்மாமார் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

ஆனால் பயத்தில் மட்டும்தான் சொன்னேனா? அதற்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு கூட்டத்தில் என் தம்பியின் கஞ்சா வழக்குக் கதையைச் சொன்னீர்கள். பெயர் சொல்லவில்லைதான். "உப்புவெளிப் பக்கம், தகப்பன் இல்லாத பெடியன், தமக்கை சித்த வைத்தியம் படித்தவள்" என்றீர்கள். இந்த ஊரில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது? பொழுதுபடுவதற்குள் அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. நாங்கள் யாருக்கும் சொல்லாமல் ஒரு வருடம் பொத்தி வைத்திருந்ததை நீங்கள் ஐந்து நிமிடக் கைதட்டலுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடமாவது கேட்டிருக்கலாம். காந்தி சிலையடியில் என் வாயிலிருந்து வந்ததில் எவ்வளவு பயம், எவ்வளவு கோபம் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் சொன்னதில் உண்மை இருந்தது. கோணேசபுரி வளாகத்தில் சித்த வைத்தியம் படித்தபோது, கண்ணால் கண்டிராத ஒரு மூலிகையைச் சுத்தி செய்கிற முறையைப் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி வாங்கினோம். கஞ்சா சிவமூலி என்று ஏட்டில் இருக்கிறது, எங்கள் கைக்கு வந்ததில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியருக்கு ஒரு சின்ன வழி விட்டிருக்கிறது. ஆனால் வழக்குகளில் பிடிபட்டு நீதிமன்றங்களிலிருந்து வருகிற சரக்கு நாலைந்து வருடம் பழையது, வீரியம் போனது என்று 2017இல் சுகாதார அமைச்சராக இருந்த ராஜித சேனாரத்னவே சொன்னார். இங்கிரியாவில் 100 ஏக்கரில் பயிரிடலாம் என்றார். அந்தப் பத்திரிகைத் துண்டை விடுதி வாசலில் நின்று நீங்கள் எங்களுக்கு வாசித்துக் காட்டியது நினைவிருக்கிறது. முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. அந்த முகத்தை நம்பித்தான் நான் வந்தேன்.

ஒன்றை மட்டும் வைத்தியராகச் சொல்கிறேன். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு அது செய்கிற கெடுதலை நீங்கள் மேடையில் ஒருநாளும் சொல்லவில்லை. சிறை மருந்தல்ல என்பது சரி. அதற்காக அந்தப் புகையால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லையே. இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அம்மா மாதிரி ஆட்களும் உங்கள் மேசைக்கு வந்திருப்பார்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு என் தொலைபேசிக்கு "27 – 25" என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. வியன்னாவில் ஐநா ஆணைக்குழு கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து எடுத்த வாக்கெடுப்பு. கடற்கரைக்குப் பிறகு உங்களிடமிருந்து வந்த முதல் செய்தி அதுதான். மன்னித்துவிட்டீர்கள் என்று அதிலேயே விளங்கியது. பதில் போடவில்லை. மன்னிக்கப்படுவதும் அப்போது எனக்குப் பாரமாக இருந்தது.

அப்புறம் நீங்கள் போய்விட்டீர்கள். 2022இல் யார்தான் போகவில்லை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரொறன்ரோவில் கஞ்சாக் கடை வாசலில் நின்று சிரித்தபடி ஒரு படம் அனுப்பினீர்களே. அங்கே 2018 ஒக்டோபரிலிருந்து சட்டம் அப்படி. இங்கே? ஏற்றுமதிக்கு வளர்க்கலாமா என்று ஆராய நிபுணர் குழு போடுவதாக 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் வாசித்தார்கள். அடுத்த வருட டிசம்பரில் 'யுக்திய' என்ற பொலிஸ் போதைப்பொருள் வேட்டை தொடங்கியது. பழைய வழக்கு இருந்தவர்களின் வீடுகளைத் தேடி வந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் கூட்டிப்போனார்கள். தைப்பொங்கலன்று தம்பி விளக்கமறியலில். சோற்றுப் பார்சலோடு வரிசையில் நின்றபோது உங்கள் மீது வந்த கோபத்தைப் போல எனக்கு யார் மீதும் வந்ததில்லை. மேசை போட வேண்டிய நாள் அதுவல்லவா? நீங்கள் இல்லை. நானும் போடவில்லை.

நான் அரச ஊழியர். இதில் சிலதைச் சுற்றி வளைத்துத்தான் எழுத முடிகிறது, விளங்கிக்கொள்வீர்கள். தம்பியிடம் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவிடுகிறேன். இரண்டு வசனத்தை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

கோவையைக் கடலில் போட்டுவிட்டேன் என்று உங்கள் கூட்டாளியிடம் சொல்லி அனுப்பியது பொய். அம்மாவின் அலுமாரியில், கூறைச் சேலைக்கு அடியில் இருக்கிறது. 43 பெயரும் அப்படியே இருக்கின்றன. அதில் ஒன்று ஒரு மீனவரின் பெருவிரல் அடையாளம். கையெழுத்து வைத்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. நேற்றிரவு 44ஆவது வரியில் என் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். திகதி நேற்றையதுதான் போட்டேன், 2019 என்று போட மனம் வரவில்லை. 45ஆவது வரியைத் தம்பிக்கு விட்டிருக்கிறேன். பார்த்தான், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கப் போவதுமில்லை.

உங்கள் இப்போதைய விலாசத்தை அனுப்புங்கள் அண்ணா. பிரதி எடுத்து அனுப்புகிறேன். மூலம் இங்கேயே இருக்கட்டும்.

தங்கச்சி
திருகோணமலை